அழுத பிள்ளை என்ன பால் குடிக்கும்?

(பட்டிமன்றத் தலைப்பு: கைக்குழந்தைக்கு என்ன பால் என்பதை முடிவு செய்வது தாயின் மனமா? குடும்பத்தின் வருமானமா? 'குடும்பத்தின் வருமானமே' என்ற அணியில் திருப்பூரில் பேசியது.)

 

எனக்கு முன்னால் அம்மையார் பேசினார்கள். தாய் மனம், தாய் மனம் என்று அவர்கள் பேசப் பேச எனக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த என் அணித் தோழர் என் காதில் கேட்கிறார்: "ஐயா, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலியா இருக்குது. போயிரலாமா?" (சிரிப்பு)

போகவில்லை, நடுவர் அவர்களே. தாய் மனம் பெரியதுதான். அதை மறுக்க நான் யார்? நானும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே! ஆனால் இன்றைய கேள்வி தாய் மனம் பெரியதா சிறியதா என்பதல்ல. குழந்தையின் வாய்க்குள் போகிற பால் எது என்று முடிவு செய்வது எது? அதுதான் கேள்வி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் பட்டம் வாங்கினவன். ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். (சிரிப்பு) தமிழ் டாக்டர். அதனால் மருத்துவம் சம்பந்தப்பட்டதை எல்லாம் குழந்தை மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்துதான் பேசுகிறேன்.

அம்மையார் மாணிக்கவாசகரைச் சொன்னார்கள். இறைவனுடைய கருணைக்கு உவமை தேடினார் அந்த மகான். பசிக்கும் நேரத்தைத் தானே நினைத்துப் பார்த்துப் பிள்ளைக்குப் பால் தருகிற தாய்தான் அவர் கண்ணுக்குப் பட்டாள். அந்தத் தாயையும் மிஞ்சியவன் இறைவன் என்றார். முப்பது வருஷமாக அந்தப் பாட்டை வகுப்பில் நடத்துகிறவன் நான். அதில் தாய்க்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, நினைப்பது. இன்னொன்று, கொடுப்பது. நினைப்பதற்கு மனம் போதும். கொடுப்பதற்கு? தாய் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

போன மாதம் இதே ஊரில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். ராத்திரி ஒன்பது மணி. "சார், நல்லா இருக்கீங்ளா?" என்று ஒரு குரல். என்னிடம் படித்த பெண். கையில் டிபன் கேரியர், தலையில் பஞ்சுத் தூசி.

"என்னம்மா, குழந்தை பிறந்திருக்கிறதாமே?"

"ஆமாங்க சார். நாலு மாசம் முடிஞ்சுதுங்க."

"அதுக்குள்ள வேலைக்கு வந்துட்டியா?"

"வாடகை வீடுங்க சார்."

அவ்வளவுதான் பதில். மூன்று சொல்லில் ஒரு பட்டிமன்றத்தையே முடித்துவிட்டாள்!

"குழந்தைக்குப் பால்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "காத்தால எட்டு மணிக்குக் குடுத்துட்டு வந்தா, இனி போயித்தானுங்க சார். ஒன்னரை ஷிப்ட்டு. நடுவுல எங்க மாமியார் டப்பா பால் கரைச்சுக் குடுப்பாங்க. மத்தியானத்துக்கு மேல பால் கட்டிக்கிட்டு வலிக்குமுங்க. பாத்ரூமுக்குப் போயி பீய்ச்சிக் கொட்டிட்டு வந்து உக்காந்துக்குவேன்."

நடுவர் அவர்களே, மனம் இல்லாதவளுக்கா பால் கட்டி வலிக்கிறது? பிள்ளைக்காகச் சுரந்த பால் சாக்கடைக்குப் போகிறது. கடையில் வாங்கின பால் பிள்ளைக்குப் போகிறது. முடிவு செய்தது எது?

"கம்பெனியில் என்ன வேலைம்மா?" என்று கேட்டேன். "குழந்தைங்க துணிங்க சார், எக்ஸ்போர்ட். லேபிள் வெச்சுத் தைக்கறது." என்ன லேபிள் தெரியுமா? '0-3 மாதம்', '3-6 மாதம்'. எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற மூன்று மாதக் குழந்தைக்குச் சட்டை தைக்கிறாள். அவளுடைய குழந்தைக்கும் அந்த வயதுதான். அது லைன் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர் இது. பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் பெண்களின் கையால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்! (கைதட்டல்)

எதிரணித் தலைவர், "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்றார். ஐயா, திருப்பூரில் மார்க்கம் நிறைய உண்டு. அவினாசி ரோடு உண்டு, பல்லடம் ரோடு உண்டு, காங்கேயம் ரோடு உண்டு. கம்பெனி கேட்டைத் தாண்டினால்தானே ரோட்டுக்கு வர முடியும்? (சிரிப்பு, கைதட்டல்)

சரி, வருமானம் பாலை எப்படி முடிவு செய்கிறது? ரயிலில் வகுப்பு இருப்பது போல இன்றைக்குக் குழந்தையின் பாலிலும் வகுப்பு வந்துவிட்டது. ஏசி பெட்டி: வெளிநாட்டுப் பவுடர். ஸ்லீப்பர்: உள்ளூர்க் கடையில் கிடைக்கிற பவுடர். அதற்கும் கீழே பாக்கெட் பால், அதிலும் தண்ணீர் கலந்தது. கடைசியில், ஏற இடமில்லாமல் படியில் தொங்குகிறதே, அந்த வகுப்பு: சர்க்கரைத் தண்ணீர், கரைத்த பிஸ்கட். தாய்ப்பால் ஒன்றுதான் டிக்கெட் கேட்காத வண்டி. அந்த வண்டிதான் ஷிப்ட் நேரத்துக்கு ஓட மாட்டேன் என்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மாதக் குழந்தைக்கு முழுக்கப் பவுடர் பாலே என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் பவுடர் வேண்டும். 400 கிராம் டப்பா நாலு நாள் வரும். மாதத்துக்கு ஏழெட்டு டப்பா. சாதாரண வகையே டப்பா 400 ரூபாயை ஒட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய். என் மாணவி சொன்னாள்: "ஒரு டப்பா எனக்கு ஒரு ஷிப்ட்டுங்க சார்." பால் கொடுக்க முடியாமல் வேலைக்கு வருகிறாள்; வேலைக்கு வந்த கூலியில் பால் வாங்குகிறாள். இது என்ன கணக்கு?

அந்த 3,000 இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? ஒன்று, மாட்டுப் பாலுக்கு வருவார்கள். ஒரு வயதுக்குள் மாட்டுப் பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். அதில் புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்குகிற அளவுக்கு மேல், இரும்புச்சத்தோ குறைவு. கன்றுக்குட்டிக்குச் சுரந்தது அப்படித்தானே இருக்கும்! காங்கேயத்துக்காரர்களைக் கேளுங்கள். பசு கறப்பதற்கு முன்னால் கன்றை அவிழ்த்துவிட்டு ஊட்டக் கொடுப்பார்கள். கன்றுக்கு இருக்கிற அந்த உரிமை நம் பிள்ளைக்கு இல்லையே!

இன்னொன்று, டப்பா பாலை நீர்க்க ஆக்குவார்கள். மூன்று கரண்டி போடுகிற இடத்தில் ஒன்றரைக் கரண்டி. வயிறு நிறையும், உடம்பு நிறையாது. அந்தத் தண்ணீர் என்ன தண்ணீர்? நொய்யல் ஓடுகிற ஊர் இது. சாயக் கழிவு ஆற்றைக் கெடுத்து, 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பு சாகுமா? (கைதட்டல்)

இந்த நீர்த்த பாலைப் பற்றி நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நடுவர் அவர்களே. எப்படித் தெரியும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதிரணியில் இளைஞர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "கார் வைத்திருக்கிற வீட்டிலும் டப்பா பால் கொடுக்கிறார்களே, அங்கே வருமானத்துக்கு என்ன குறை?" தம்பி, நீங்கள் என் அணிக்குப் பேசினீர்கள்! (சிரிப்பு) நம்மைப் போன்ற நாடுகளில் ஏழைத் தாய்மார்கள்தான் வசதியானவர்களைவிட அதிக மாதங்கள் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். பணக்கார நாடுகளில் நேர் மாறு. அங்கே வசதியான, படித்த பெண்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். தாய் மனம் நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறுமா? மாறுவது மனம் அல்ல. வருமானமும், அந்த வருமானம் கேட்கிற நேரமும்தான் மாறுகிறது. ஒன்றும் இல்லாத வீட்டில் டப்பா வாங்கக் காசில்லை, தாய் வீட்டோடு இருக்கிறாள், தாய்ப்பால். கொஞ்சம் சம்பாதிக்கிற வீட்டில் தாய் வேலைக்கு, பிள்ளை டப்பாவுக்கு. சம்பளத்தோடு விடுப்பு இருந்தால்? மறுபடியும் தாய்ப்பால்!

நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகள் இந்திய அளவில் 100-க்கு 42. தமிழ்நாட்டில் 60. கைதட்டுங்கள்! (கைதட்டல்) கொஞ்சம் பொறுங்கள், அடுத்த எண்ணையும் கேளுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் இந்திய அளவில் 100-க்கு 64. தமிழ்நாட்டில் 55. தொடக்கத்தில் முந்துகிறோம், பிறகு பிந்துகிறோம். முதல் மணி நேரத்தில் இருந்த தாய் மனம் நாலாவது மாதத்தில் எங்கே போயிற்று? மனம் அங்கேயேதான் இருக்கிறது. தாய்தான் பக்கத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சிசேரியன் உண்டு, அறியாமை உண்டு, "பால் பத்தலை" என்று சொல்கிற பக்கத்து வீட்டு ஆலோசகர் உண்டு. (சிரிப்பு) ஆனால் பனியன் ஊரில் முதல் காரணம் எது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும்.

தாய் மனம் மட்டுமே முடிவு செய்கிறது என்றால் சட்டம் எதற்கு? 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்கிற பெண் மருத்துவர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். பேச்சின் தலைப்பே 'பாலும் கொலையும்'. இனிப்பு கலந்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று சொல்லி ஏழைத் தாய்மார்களிடம் விற்றார்கள், பிள்ளைகள் செத்தன. அதைத்தான் கொலை என்றார். 1981-இல் உலக சுகாதார அமைப்பு நெறிமுறை வகுத்தது. 1992-இல் இந்தியா சட்டமே போட்டது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது. நல்ல சட்டம். ஆனால் விளம்பரத்தை நிறுத்திய சட்டத்தால் ஒன்றரை ஷிப்ட்டை நிறுத்த முடியவில்லையே!

பவுடர் பால் விஷம் என்று நான் சொல்லவில்லை. தாய்க்கு நோய், தாய் இல்லாத பிள்ளை, உண்மையிலேயே பால் போதாத நிலை, அப்போது மருத்துவர் சொன்னபடி, அளவு குறையாமல், சுத்தமாகக் கரைத்துக் கொடுக்கத்தான் வேண்டும். அப்படிக் கொடுக்கிற எந்தத் தாயும் தலை குனிய வேண்டியதில்லை.

இன்னொரு சட்டம் வந்தது. 1961-இன் மகப்பேறு பயன் சட்டம். 2017-இல் அதைத் திருத்தி, சம்பளத்தோடு கூடிய விடுப்பை முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். 26 வாரம் என்றால் எவ்வளவு? ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிற காலம் எவ்வளவு? ஆறு மாதம்! சட்டம் எழுதினவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பேர் இருக்கிறவளுக்குத்தானே அது கைக்குக் கிடைக்கும்? காண்ட்ராக்டில் வருகிறவள், பீஸ் ரேட்டில் பிசிறு வெட்டுகிறவள், இந்த மாதம் ஒரு கம்பெனி அடுத்த மாதம் ஒரு கம்பெனி என்று போகிறவள், அவள் எந்தப் பதிவேட்டைக் காட்டுவாள்?

குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை என்கிறது சட்டம். இடைவேளை கம்பெனியில் இருக்கிறது. குழந்தை ஐந்து மைல் தள்ளி இருக்கிறது! 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். 40 பேர் இருக்கிற கம்பெனி? பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பத்துச் சின்னக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு காப்பகம் வைக்கக் கூடாதா? முதலாளிமார்களும் இங்கே வந்திருக்கிறீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். (கைதட்டல்)

அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். பெரியபுராணத்தில் சீர்காழிக் குளக்கரையில் ஞானசம்பந்தக் குழந்தை அழுதது. உமையம்மை எப்படிப் பால் கொடுத்தாள்? பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்தாள்! தாய்ப்பாலைப் பாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்பது நமக்குப் புதிதல்ல. கையைக் கழுவி, கொதிக்க வைத்த மூடி போட்ட பாத்திரத்தில் எடுத்து வைத்தால், சூடில்லாத இடத்தில் நாலு மணி நேரம் வரை கெடாது. ஃபிரிட்ஜில் இன்னும் தாங்கும். பாட்டி பாலாடையில் புகட்டலாம். கம்பெனியில் அதற்கு ஒரு சின்ன அறை, ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் போதும். பாத்ரூமில் கொட்டுகிற பால் பிள்ளைக்குப் போகும்.

முடிக்கிறேன், நடுவர் அவர்களே. மணியைத் தட்ட வேண்டாம். சொன்ன வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

ஐம்பது வருஷத்துக்கு முந்தி, இதே ஊரில் ஒரு அம்மா பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனாள். வீட்டில் நாலு மாதப் பெண் குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எட்டு வயசுப் பையன் ஒருவன்தான். சனிக்கிழமை சம்பளம். புதன்கிழமையே டப்பா பாதிக்குக் கீழே போய்விட்டது. அம்மா சொன்னாள்: "கண்ணு, சனிக்கிழமை வரைக்கும் வரணுஞ் சாமி. கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுக் கலக்கு." பையன் கெட்டிக்காரன். நன்றாக மிச்சம் பிடித்தான். சனிக்கிழமை டப்பாவில் பவுடர் மிச்சம் இருந்தது. குழந்தையின் உடம்பில்தான் ஒன்றும் மிச்சம் இல்லை.

வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே ஒருவர் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. பவுடரைக் குறைத்தது யார் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பையனின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அந்தப் பையன்தான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

தாய் மனம் இல்லாதவளா அவள்? அன்றைக்கு அவள் மனத்தை எடை போட ஆள் இருந்தது. அவள் கூலி எவ்வளவு என்று கேட்கத்தான் ஆள் இல்லை. (கைதட்டல்)

என் தங்கை பிழைத்துக்கொண்டாள். அவள் மகள் இன்றைக்கு பேங்கில் வேலை பார்க்கிறாள். இப்போது பேறுகால விடுப்பில் இருக்கிறாள். போன வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் போனேன். பேத்தி குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏஞ் சாமி, இவ வூட்டுலயே உக்காந்திருந்தாலும் மாசமானா சம்பளம் வந்துருதாமா?"

"ஆமாம்மா" என்றேன்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதே குடும்பம். அதே ரத்தம். அதே தாய் மனம். பாட்டியின் பிள்ளை டப்பா பாலில் தேய்ந்தது. பேத்தியின் பிள்ளை தாய்ப்பாலில் வளர்கிறது. நடுவில் மாறியது என்ன? வேலைக்குப் போகாத நாளிலும் வீட்டுக்கு வருகிற வருமானம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்றார்கள் பெரியவர்கள். என்ன பால் குடிக்கும் என்பதைக் குடும்பத்தின் வருமானமே முடிவு செய்கிறது என்று கூறி, நல்ல தீர்ப்பை நடுவர் அவர்களிடம் வேண்டுகிறேன். (நீண்ட கைதட்டல்)